அந்தக் கட்டிலில் ஏறுவதற்கு முன்

தொப்புளுக்குக் கீழே வருகின்ற எந்த நோவுக்கும் எமது பெண்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான். வயிற்றுக்குத்து. மாதவிடாய் பதினைந்து நாட்கள் நீடித்தாலும் வயிற்றுக்குத்து, வெள்ளைபட்டுக் கடியும் எரிவும் இருந்தாலும் வயிற்றுக்குத்து, கருப்பை இறங்கி இருக்கவும் நிற்கவும் முடியாமற் போனாலும் வயிற்றுக்குத்து. இரண்டு பெனடோல், ஒரு கொத்தமல்லிக் கசாயம், அதோடு அன்றைய பாடு முடிந்துவிடும். அதையும் மீறி ஓ.பி.டி.க்குப் போய், அங்கே இருப்பவர் ஆண் வைத்தியர் என்று கண்டால் அந்த வயிற்றுக்குத்தும் தலையிடியாக மாறிவிடும். தலையிடிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

மாளிகாவத்தையில் பெண்களோடு வேலை செய்யும் எனக்கு இது நன்கு பழகிப்போன கதை. இங்குள்ள தொடர்மாடிகளிலும், அவற்றைச் சூழவுள்ள தோட்டங்களிலும், வாடகை அறைகளிலும் பல ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் சகோதரிகள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து பின்பு வாடகை கட்ட முடியாமல் இந்தப் பக்கம் நகர்ந்தவர்கள், 2009 இன் பின்னர் முகாமிலிருந்து வெளியேறி வேலை தேடி வந்தவர்கள். பேச்சும் மதமும் உடுப்பும் வேறு. ஆனால் "பெண்ணோயியல் டொக்டரிடம் ஒருக்கால் காட்டுவோமா?" என்று கேட்டால் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரித்தான் மாறுகிறது.

பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்தப் பயம் இருப்பதைப் பலர் நம்புவதில்லை. பிரசவ நேரத்தில் வலியோடு வலியாக எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. எந்த அவசரமும் இல்லாமல், முழு நினைவோடு, தானாக நடந்துபோய் அந்தக் கட்டிலில் ஏறுவது வேறு விடயம். அந்த வகையில் நான்கு பிள்ளைகளின் தாய்க்கும் அது முதல் தடவையாக இருக்கலாம்.

எதற்காகப் பயப்படுகிறோம்?

எல்லாவற்றையும் 'வெட்கம்' என்ற ஒரு சொல்லில் கட்டிவிடுவது எமது வழக்கம். கதைக்க விட்டுப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குள் பல பயங்கள் ஒளிந்திருப்பது தெரியும்.

"எனக்கு வெக்கமா இரிக்கி மிஸ். ஆம்புள டொக்டர் எண்டா நான் வரவே மாட்டன்" என்று ஒரு ராத்தா சொன்னார். இது எளிதாகத் தீர்க்கக்கூடியது. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதற்கு எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. அன்று பெண் வைத்தியர் இல்லாவிட்டால், அவசர நோய் இல்லாதவிடத்து, அவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு திரும்பி வரலாம். ஆண் வைத்தியர்தான் பரிசோதிக்க வேண்டி வந்தாலும், அந்நேரம் ஒரு பெண் தாதியோ பெண் உதவியாளரோ உடனிருக்க வேண்டும் என்பது வைத்திய ஒழுக்க நெறி. அதை நாம் கேட்டுப் பெறலாம். சலுகை கேட்பது போலக் கூனிக்குறுகத் தேவையில்லை.

திருமணமாகாத பிள்ளைகளின் பயம் இன்னொரு விதம். நோயை விட அயலுக்குத்தான் அவர்கள் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். "கலியாணத்துக்கு முந்தி அந்த டொக்டரிட்ட ஏன் போனவள்?" என்ற ஒரு கேள்வி, ஒரு பிள்ளையின் திருமணப் பேச்சையே குழப்பிவிடும் சமூகம் எங்களுடையது. தாய்மாருக்கோ 'பரிசோதித்தால் கன்னித்தன்மை போய்விடும்' என்ற அச்சம். இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். உடலுறவு கொள்ளாத பிள்ளைகளுக்கு உட்பரிசோதனை செய்வது வழமையல்ல. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோடும், சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேனோடும் பெரும்பாலான காரியங்கள் முடிந்துவிடும். ஒரு பெண் 'கன்னியா இல்லையா' என்று எந்த வைத்தியராலும் பரிசோதித்துச் சொல்ல முடியாது. அப்படியொரு பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, அதை எல்லா நாடுகளும் ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் வேறு இரு அமைப்புகளும் 2018 ஒக்டோபரில் கூட்டாக அறிவித்தன. இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 இலும் மீண்டும் 2022 இலும் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தாய்மாரே, மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வராவிட்டால் கோயிலுக்கு நேர்வதோடு நிறுத்திவிடாமல் அவளை வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள்.

இனி, அதிகம் வெளியில் சொல்லப்படாத பயத்துக்கு வருவோம். எமது பெண்களில் ஒரு பகுதியினரின் உடல், கேட்காமல் தொடப்பட்ட உடல். சோதனைச் சாவடிகளில் துணியால் மறைத்த அந்தச் சிறு கூடுகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே போ, கையைத் தூக்கு, திரும்பு. ஓமந்தையைக் கடந்தவர்களுக்கும், முகாம் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கும், கொழும்பு வீதிகளில் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டவர்களுக்கும் அது ஒருநாள் இருநாள் அனுபவமல்ல. அதைவிட மோசமானவற்றை அனுபவித்து, ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருப்பவர்களும் எம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியசாலையின் திரைச்சீலையும், உயரமான கட்டிலும், மேலே எரியும் வெளிச்சமும், பாத்திரத்தில் இரும்பு படும் சத்தமும் வேறு எதையோ ஞாபகப்படுத்துகின்றன. மூளைக்கு இது வைத்தியசாலை என்று தெரிகிறது. உடலுக்குத் தெரிவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, கால்கள் இறுகுகின்றன, சிலருக்குத் தாங்கள் அங்கே இல்லாதது போலவே ஆகிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு "இந்த வயசில என்ன நடிப்பு" என்று சொல்பவர்களுக்கு யுத்தம் ஒரு உடலுக்குள் எப்படித் தங்கியிருக்கும் என்பது தெரியாது.

பெயர் விலாசம் கொடுப்பதற்கே அஞ்சும் பெண்களும் உண்டு. லொட்ஜ்களில் பொலிஸ் பதிவோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். 2007 ஜூன் 7 ஆம் திகதி 376 தமிழர்கள் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து பஸ்களில் ஏற்றப்பட்டு அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்ததையும் இங்குள்ள பலர் மறக்கவில்லை. கிளினிக்கில் கேட்கும் பெயர் கிளினிக் கொப்பிக்கும் அறிக்கைக்கும் உரியது. அது பொலிஸ் பதிவு அல்ல.

கணவர் காணாமலாக்கப்பட்ட சகோதரிகளுக்கு இன்னுமொரு தடை. "கலியாணம் முடித்தவரா? கணவர் எங்கே?" என்று முதற் கேள்வியிலேயே கேட்டுவிடுகிறார்கள். விதவை என்று எழுதவும் மனமில்லை, கணவர் இருக்கிறார் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு சகோதரி அந்தக் கேள்விக்காகவே இரண்டு தரம் வரிசையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். வைத்தியர் அறிய விரும்புவது கணவர் எங்கே என்பதையல்ல. உடலுறவு நடந்திருக்கிறதா, கர்ப்பம் தங்கியிருக்க வாய்ப்புண்டா என்பதையே அவர் அறிய வேண்டும். எந்தப் பரிசோதனையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தீர்மானிப்பதற்கு அது தேவை. எனவே "திருமணம் முடித்தவள், இத்தனை பிள்ளைகள், இப்போது கணவர் கூட இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கும் கடமை எமக்கு இல்லை.

எங்கள் பாட்டிமாரின் காலத்தில்

இந்தத் தயக்கம் உயிர்களைக் காவு கொண்ட கதை பழையது. 1890களில் தமிழ்நாட்டின் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு ஒரு அமெரிக்க மிஷனரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டில் வைத்தியர் இருந்தார். ஆனால் அவர் ஆண். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த வைத்தியரின் மகள் ஐடா ஸ்கடர் அதைப் பார்த்த பிறகுதான் தானும் வைத்தியம் படித்து, 1900 இல் வேலூரில் சிகிச்சையை ஆரம்பித்தார். இன்றைய பெரிய வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையின் தொடக்கம் அது.

யாழ்ப்பாணத்திலும் பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலை தேவைப்பட்டது. இணுவிலில் 1898 இல் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகவே திறக்கப்பட்டது. கொழும்பிலோ 1896 இல் கனடாவிலிருந்து வந்த மேரி இரட்ணம் என்ற பெண் வைத்தியர் இருந்தார். அவர் மணந்தது இலங்கைத் தமிழர் ஒருவரை. லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் வேலை செய்யத் தொடங்கி, பல தசாப்தங்கள் இந்நகரப் பெண்களின் நோய்களையும் பிரசவங்களையும் பார்த்தவர். பெண்கள் தங்கள் உடலைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பேசியும் எழுதியும் வந்தவர். 1930 இல் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார், 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், 1958 இல் மக்சேசே விருது பெற்றார். எமது பாட்டிமார் ஒரு பெண் வைத்தியரைத் தேடி எவ்வளவோ தூரம் போக வேண்டியிருந்தது. இன்று மாளிகாவத்தையிலிருந்து பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ, 1879 இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ ஒரு சிறு பஸ் பயணம் போதும். தூரம் குறைந்துவிட்டது, தயக்கம் குறையவில்லை.

மூன்று தடவையில் முடிந்த ஒரு பரிசோதனை

வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா. வயது நாற்பதுக்கு மேல். மாதத்தில் இரண்டு தடவை இரத்தப்போக்கு, படியேறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறிப்போயிருந்தது. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு வைத்தியசாலையில் அவரைக் கட்டிலில் ஏற்றியபோது பயத்தில் கால்களை இறுக்கிக்கொண்டாராம். அங்கிருந்த ஒருவர் சிங்களத்தில் ஏதோ சத்தமாக ஏசியிருக்கிறார். என்ன சொன்னார் என்று இவருக்கு விளங்கவில்லை, ஏச்சு என்பது மட்டும் விளங்கியது. உடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவர் பிறகு எந்த வைத்தியசாலைக்கும் போகவில்லை. "செத்தாலும் பரவாயில்லை தங்கச்சி, அந்தக் கட்டில்ல ஏறமாட்டன்" என்பதுதான் அவருடைய முடிவாக இருந்தது.

"ஏற வேண்டாம். கதைத்துவிட்டு வருவோம்" என்ற உடன்பாட்டில்தான் அவரை இன்னொரு இடத்துக்குக் கூட்டிச் சென்றேன். உள்ளே போனதும் அவர் சொல்ல வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தோம்: 'இவருக்கு உட்பரிசோதனை என்றால் மிகுந்த பயம். முன்னர் கஷ்டமான அனுபவம் உண்டு. இன்று கதைக்க மட்டும் வந்திருக்கிறார்.' அந்தப் பெண் வைத்தியர் துண்டை வாசித்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். அன்று இரத்த அழுத்தம் பார்த்தார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டாம் தடவை வயிற்றின் மேலால் ஸ்கேன். கருப்பையில் கட்டி இருப்பது அதிலேயே தெரிந்தது. புற்றுநோய்க் கட்டியல்ல, பைப்ரொயிட் என்று சொல்லப்படும் சாதாரணக் கட்டி. நாற்பது வயதை அண்டிய பெண்களில் மிகப் பலருக்கு இது இருக்கிறது. மூன்றாம் தடவைதான் கட்டிலில் ஏறினார். நடுவில் ஒருமுறை "நிப்பாட்டுங்கோ" என்றார். வைத்தியர் உடனே கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு நிமிடம் கழித்து அக்காவே "சரி, பாருங்கோ" என்றார்.

வெளியே வந்தபோது எனக்குச் சொன்னது இதுதான்: "நிப்பாட்டெண்டு சொன்னா நிப்பாட்டுவினம் எண்டு எனக்குத் தெரியாது."

அவரிடம் இருந்தது கோழைத்தனம் அல்ல. தன் சொல்லுக்கு ஒருவரும் நிறுத்தியதில்லை என்பதுதான் அவர் கண்ட வாழ்க்கை. எல்லா வைத்தியர்களும் இப்படி நிதானமாக இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரச கிளினிக்குகளில் சனநெரிசல், நேரமில்லை, சிலரிடம் பொறுமையும் இல்லை. ஆனால் பரிசோதனை எம் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தை நடுவிலும் திருப்பி எடுக்கலாம் என்பது எல்லா இடத்துக்கும் பொதுவானது. ஒரு தடவையில் எல்லாம் முடிய வேண்டும் என்றும் எந்தக் கட்டாயமும் இல்லை.

உள்ளே என்ன நடக்கும்?

தெரியாததுதான் பெரிய பயம். ஆகவே நடப்பதை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் மேசையருகே இருந்து கேள்விகள். கடைசி மாதவிடாய் எப்போது தொடங்கியது, எத்தனை நாட்கள் நீடிக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், நோ உண்டா, வெள்ளைபடுகிறதா, எத்தனை பிள்ளைகள், கரு கலைந்ததுண்டா, சத்திரசிகிச்சை செய்ததுண்டா, என்ன மருந்து பாவிக்கிறீர்கள். இவற்றை வீட்டிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பதற்றத்தில் பிள்ளையின் வயதும் மறந்துபோகும். பழைய கிளினிக் துண்டுகள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். யுத்த காலத்தில் மாதக்கணக்கில் மாதவிடாய் நின்றுபோன பெண்கள் பலர் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பட்டினியும் ஓயாத பதற்றமும் மாதவிடாயை நிறுத்திவிடும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயமே.

பின்னர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். தேவையென்றால் மட்டும் உட்பரிசோதனை. அதற்கு முன் பாத்றூம் போய்விட்டு வாருங்கள், சிறுநீர்ப்பை வெறுமையாக இருந்தால் நோ குறையும். முழு உடுப்பையும் களைய வேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழே உள்ளாடையை மட்டும் கழற்றினால் போதும். சாறியோ, அகலமான பாவாடையோ, அபாயாவோ அணிந்து சென்றால் அதைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம், மேலே போர்வையும் தருவார்கள். தராவிட்டால் கேளுங்கள். ஒரு பழைய சாறித் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும் சகோதரிகளும் இருக்கிறார்கள், அதுவும் நல்ல யோசனைதான்.

ஸ்பெக்கியூலம் என்ற கருவி வாத்தின் சொண்டு போல் இருக்கும். யோனி வாசலைச் சற்று விரித்துக் கருப்பைக் கழுத்தைப் பார்க்க உதவுவது. இரும்பிலும் உண்டு, பிளாஸ்டிக்கிலும் உண்டு. பெரிது சிறிது என்று அளவுகளும் இருப்பதால் "சின்னதைப் பாவியுங்கள்" என்று கேட்கலாம். கருவியை முதலில் கையில் வாங்கிப் பார்க்கவும் கேட்கலாம். தானே மெதுவாக உட்செலுத்திக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு அதை அனுமதிக்கும் வைத்தியர்களும் உண்டு. இக்கருவியைக் கண்டு பெண்கள் அஞ்சுவதற்குச் சரித்திரத்திலும் காரணம் இருக்கிறது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் இதன் ஒரு வடிவத்தை உருவாக்கிய மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களுக்கு மயக்க மருந்தின்றியே சத்திரசிகிச்சைகளைச் செய்து பார்த்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூவரின் பெயர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. நியூயோர்க் பூங்காவில் இருந்த அவருடைய சிலை 2018 இல் அகற்றப்பட்டது. சம்மதம் என்ற சொல் வைத்தியத்துக்குள் வருவதற்கு முன்னர் எத்தனையோ பெண்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கருவி உள்ளே இருப்பது பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடங்கள்தான். பெப் பரிசோதனை என்றால் ஒரு சிறு தூரிகையால் கருப்பைக் கழுத்தைத் தடவி எடுப்பார்கள். இலேசான பிடிப்பு போலத் தெரியும், அன்று ஒரு துளி இரத்தம் படலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இதைக் கண்டுபிடித்த பப்பனிக்கலோ என்பவரின் மனைவி, கணவரின் ஆராய்ச்சிக்காக வருடக்கணக்கில் தன்னிடமிருந்தே மாதிரி எடுக்க இடங்கொடுத்தவர். பெயர் என்னவோ கணவருக்குத்தான் கிடைத்தது! மாதவிடாய் நாட்களில் இப்பரிசோதனைக்குப் போகவேண்டாம். அதற்கு முந்திய இரண்டு நாட்கள் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உள்ளே கழுவுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடைசியில் சில வேளை கையுறை அணிந்த விரல்களால் கருப்பையின் அளவைப் பார்ப்பார்கள். முடிந்ததும் எழும்பி உடுத்திக்கொண்டு, கதிரையில் இருந்து விளக்கத்தைக் கேளுங்கள். படுத்துக்கொண்டு கேட்பது எதுவும் மனதில் நிற்காது.

போதனா வைத்தியசாலைகளில் மாணவர்கள் சுற்றி நிற்பதுண்டு. அவர்களும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்களால் தாங்க முடியாவிட்டால் "மாணவர்கள் வேண்டாம்" என்று சொல்லலாம். அதனால் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

உடல் இறுகும்போது

பயத்தில் யோனித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். அது எம் விருப்பத்தில் நடப்பதல்ல, உடல் தன்னைக் காக்கப் போடும் பூட்டு. பலாத்காரமாகத் திறந்தால் நோ கூடும். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக, சூடான தேநீரை ஊதுவது போல நீளமாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். கால் பெருவிரல்களை அசைத்துக்கொண்டிருங்கள். ஞாபகங்கள் வந்து மூடினால் கண்ணைத் திறந்து வைத்து, அந்த அறையில் தெரிபவற்றைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்: மின்விசிறி, கலண்டர், நீலத் திரை, என் செருப்பு. இன்று என்ன கிழமை, இது கொழும்பு, வெளியே என் சகோதரி காத்திருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லுங்கள். எமது ஒன்றுகூடல்களில் இதைச் சிரிப்போடு பழகிப் பார்த்த பெண்கள், அந்த நேரத்தில் இது கைகொடுத்தது என்று வந்து சொல்லியிருக்கிறார்கள்.

யாரையாவது துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் வாயை மூடத் தெரிந்தவராகப் பார்த்துக் கூட்டிச் செல்லுங்கள். தொடர்மாடியில் ஒருவருக்குத் தெரிந்தது நான்காம் மாடி வரை போக அரை மணித்தியாலம் போதும்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் வைத்தியரிடம் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "எனக்கு முன்னர் கெட்ட அனுபவம் நடந்திருக்கிறது, மெதுவாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றும் செய்ய முன் சொல்லுங்கள்" என்ற மூன்று வசனங்கள் போதும். மேலும் கதைக்க விரும்பினால் பல அரச வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' என்ற நட்பு நிலையங்கள் இருக்கின்றன. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உளவளத்துணையும் வழிகாட்டலும் அங்கே இலவசம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம்.

எங்கே தொடங்குவது?

நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போகத் தயங்குபவர்களுக்கு சுகவனிதையர் கிளினிக் நல்ல வாசல். 1996 இலிருந்து சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் இதை நடத்தி வருகிறது. நோய் வந்த பின் போகும் இடமல்ல, நோய் வருமுன் பார்க்கும் இடம். குறிப்பாக 35, 45 வயதுப் பெண்களை அழைக்கிறார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை, பெப் பரிசோதனை எல்லாம் காசில்லாமல் செய்யப்படும். எந்த நாளில் எங்கே நடக்கிறது என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் எங்கள் மிட்வைஃபிடம், கேளுங்கள். பிள்ளைக்கு ஊசி போட்டதோடு அவருடனான உறவு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரு நாளில் வருவதல்ல. எச்.பி.வி. என்ற வைரசு தொற்றி, கலங்கள் சிறிது சிறிதாக மாறி, புற்றுநோயாக ஆவதற்குப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருடங்கள் எடுக்கும். அந்த நீண்ட இடைவெளியில் கண்டுபிடித்தால் சிறு சிகிச்சையோடு தீர்ந்துவிடும். உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தால் 2017 முதல் பாடசாலையில் இலவசமாகப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடத் தயங்காதீர்கள். பிள்ளைப்பேற்றை அது தடுக்கும் என்ற கதை வெறும் வதந்தி.

கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாத சில நேரங்களும் உண்டு. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கழிந்த பின் மீண்டும் இரத்தம் கண்டால், உடலுறவின் பின் இரத்தம் வந்தால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் ஒரு பக்க வயிற்றில் கடும் நோவோடு மயக்கம் வந்தால். கடைசியாகச் சொன்னதற்கு மறுநாள் வரை பொறுக்கவே கூடாது. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மொழியும் பலருக்குச் சுவர். தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்: "தெமள தன்ன கெனெக் இன்னவாத?" பெண் வைத்தியர் வேண்டுமென்றால் "லேடி டொக்டர் கெனெக் இன்னவாத?" பயமாக இருக்கிறது என்பதற்கு "மட்ட பயய்". நோகிறது என்பதற்கு "ரிதெனவா". நிறுத்தச் சொல்வதற்கு "நவத்தன்ன". இந்தக் கடைசிச் சொல்லைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் கையை உயர்த்துவேன் என்று முன்கூட்டியே தாதியிடம் காட்டி வைக்கலாம்.

இன்னுமொன்று. பெப் பரிசோதனை செய்துவிட்டு, பெரிய காரியம் முடிந்தது என்ற நிம்மதியில் அறிக்கை வாங்கப் போகாமலே இருந்துவிடும் பெண்கள் அநேகம். அறிக்கை வரச் சில வாரங்கள் எடுக்கும். எந்தத் திகதியில் வர வேண்டும், எந்த அறைக்கு வர வேண்டும் என்பதை அன்றே கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் வீடு மாறினால் புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் மிட்வைஃபிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.